தமிழில் வந்த அப்டேட்

மின்சார ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவனை வாசல் காவலில் இருக்கும் புனிதா நாற்பது நிமிடம் வெயிலில் நிறுத்தி வைத்த கதையை செம்பாக்கா அபார்ட்மெண்டில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்கிறவரைப் பொறுத்து அது ஒரு மணி நேரமாகவும் ஆகும். புனிதாவைக் கேட்டால் நாற்பது நிமிடம்தான் என்பாள். வருகிறவர்களை எழுதி வைக்கும் அவளுடைய புத்தகத்தில் இருக்கிறது. வந்தது பத்து இருபது, போனது பதினொன்று.

வந்தவன் தமிழன். சட்டை சரியாக இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கருவிப் பெட்டிகூட இருந்தது.

"அக்கா, நம்ம ஆளுதாங்க்கா. பி பிளாக்குல மீட்டர் கெட்டுப் போச்சாம். வாசல் கம்பியத் தூக்குங்க."

"ஐசி குடுங்க தம்பி," என்று அடையாள அட்டையைக் கேட்டாள்.

"ஐசி வீட்ல விட்டுட்டேங்க்கா. எங்க போஸ்கிட்ட, மேலதிகாரிகிட்ட, பேசுறீங்களா? இந்தாங்க, நம்பர் இருக்கு, அடிச்சே தாரேன்."

அவன் நீட்டிய போனைப் புனிதா வாங்கவில்லை. காவல் கொட்டகைக்குள் போனாள். பொண்டோக் என்றுதான் எல்லாரும் அதைச் சொல்வார்கள். ஆறடிக்கு ஆறடி, ஒரு மேசை, ஒரு காற்றாடி, சுவரில் அவளே எழுதி ஒட்டிய நம்பர்கள். அதில் மின்சார அலுவலகத்தின் நம்பரைப் பார்த்துத் தன் போனில் அடித்தாள். யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். வெளியே வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அவங்க யாரையும் அனுப்பலையாம் தம்பி. வேணும்னா அந்த மரத்தடியில நில்லுங்க. உள்ள விட முடியாது."

அவன் பதினொரு மணி வரை பேசிப் பார்த்தான். தன் அம்மாவைப் பற்றி, தான் பிறந்த தோட்டத்தைப் பற்றி, தமிழனுக்குத் தமிழன் உதவாத இந்தக் காலத்தைப் பற்றி. புனிதா எல்லாவற்றையும் கேட்டாள், தண்ணீர்கூடக் கொடுத்தாள். கம்பி மட்டும் மேலே போகவில்லை. அடுத்த வாரம் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. அங்கேயும் மின்சாரச் சட்டைதான்.

"அவன் குடுக்குற நம்பருக்கு அடிச்சா அவன் கூட்டாளிதான எடுப்பான்," என்று பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். "அது விசாரிக்கிறது இல்லலா. நீ நல்லவனான்னு அவன்கிட்டயே கேக்குறது."

புனிதா பிறந்தது கோப்பெங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினாறு வயதில் பால்வெட்டுக்குப் போனாள். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது, இடுப்பில் ஒரு குழந்தை. பிறகு ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலை. பதினைந்து வருடம் நின்றபடி வேலை. அந்தத் தொழிற்சாலையும் வேறு ஊருக்குப் போனது. ஜாகா வேலைக்கு, அதாவது காவலுக்கு, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்குப் போனாள். காவலுக்குப் பெண்களை எடுப்பதில்லை என்றார்கள். "ஏன்?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

கணவன் தேவன் லோரி ஓட்டுகிறான். மனைவியின் வேலையைக் கேலி பேசுவதில் அவனுக்கு அலுப்பே வராது. "எங்க வீட்டுக்கு வந்தா ஜாக்கிரதையா வாங்க," என்பான் நண்பர்களிடம். "வாசல்ல ஐசி கேப்பா. என்கிட்டயே ரெண்டு தரம் கேட்டுட்டா." ஆனால் அவளுடைய வெள்ளைச் சட்டையைத் தினமும் இஸ்திரி போடுவது அவன்தான். கைமடிப்பில் கோடு கத்தி மாதிரி இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அபார்ட்மெண்டுக்காரர்கள் புத்தகத்தை எடுத்துவிட்டுக் கேட்டுக்கென்று ஒரு போன் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் தன் விருந்தாளிக்கு ஒரு கட்டம் போட்ட படத்தை அனுப்புவார். விருந்தாளி அதை வாசலில் காட்டுவார். ஜாகா அந்த கேட் போனால் அதைப் படம் பிடித்தால் கம்பி தானாக மேலே போகும். புனிதா இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். புத்தகத்தை மேசை இழுப்பறையில் வைத்தாள். வைத்தவள், வண்டி நம்பரை அதில் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் போனால் முதலில் அடிபட்டவன் அர்ச்சுனன். புனிதாவுக்கு ஓய்வு நாள் வந்தால் பகல் காவலுக்கு வருகிறவன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அவன் கேட் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்தது. உங்கள் போன் ஆபத்தில் இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று. அமுக்கிவிட்டான். அன்று மாலைக்குள் போன் பைத்தியம் பிடித்த மாதிரி ஆயிற்று. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. போனில் இருந்த பெயர்களும் நம்பர்களும் வெளியே போய்விட்டன. குடியிருப்பவர்களுக்கும் ஜாகாக்களுக்கும் யார் யாரோ போன் செய்தார்கள்.

"நீ எதுக்கு அமுக்குன?" என்று புனிதா அவனைக் கேட்டாள்.

அர்ச்சுனன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "தமிழ்ல வந்துச்சுக்கா."

"தமிழ்ல வந்தா?"

"கரண்டு பில்லு மலாய்ல வருது. ஆஸ்பத்திரி கார்டு மலாய்ல வருது. நம்ம பாஷையில யாருக்கா நமக்கு அனுப்புறான்? இப்பதான் அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க போலன்னு நினைச்சேன். ஒரு மாதிரி சந்தோசமா இருந்துச்சு."

புனிதா சிரிக்கவில்லை. கோயில் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் தவிர அவளுக்கும் தமிழில் எந்தக் காகிதமும் வந்ததில்லை.

அர்ச்சுனனை பீடோரில் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் விக்னேஸ்வரன் பொண்டோக்குக்கு வந்து சுவரில் ஒரு தாளை ஒட்டினான்: அப்டேட் என்று எது வந்தாலும் தொடக்கூடாது. பிறகு உட்காராமலே விஷயத்தைச் சொன்னான்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அபார்ட்மெண்ட் கமிட்டில பேசிட்டாங்க. இன்னொரு தடவ இந்தப் போனால பிரச்சினை வந்துச்சுன்னா பகலுக்கு ஜாகாவே வேணாமாம். மிஷின் வைக்கிறாங்களாம். ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆளு."

"என்னைய எங்க போடுவீங்க?"

"தெரியலக்கா. ஆம்பளைங்களுக்கே போஸ்ட்டு இல்ல." அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த மாதிரிச் செய்திகளைச் சொல்லிப் பழகவில்லை. "அதான் சொல்றேன். எதையும் தொடாதீங்க."

ஆக, அந்த வாசல் இனி அந்தப் போனில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. புனிதாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஐம்பத்தொரு வயதில் மூன்றாவது முறையும் தன் காலடியிலிருந்து வேலை நழுவ அவள் விடுவதாக இல்லை.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாதத் தொடக்கத்திலிருந்து கேட் செயலியைத் திறந்தால் மேலே மஞ்சளாக ஒரு பட்டை தெரிய ஆரம்பித்தது. இந்தப் போனின் மென்பொருள் பழசு, முப்பதாம் தேதிக்குப் பிறகு இந்தச் செயலி இதில் ஓடாது என்று மலாயில் எழுதியிருந்தது. போனின் உச்சியிலும் ஒரு சின்ன அறிவிப்பு. 'கெமாஸ் கினி' என்று இரண்டே சொல். அதாவது அப்டேட். சிவப்பு இல்லை, மிரட்டல் இல்லை. தள்ளிவிட்டால் போய்விடும். மறுநாள் காலை திரும்ப வந்து பேசாமல் இருக்கும்.

விக்னேஸ்வரனிடம் சொன்னாள்.

"தொடாதீங்கக்கா. அதுவும் அந்த மாதிரிதான்."

"அந்த மாதிரி இல்ல தம்பி. இது அவசரப்படுத்தல."

"தொடாதீங்கலா. உங்களுக்கும் சூசா, எனக்கும் சூசா, தொல்லைதான்."

தொடவில்லை. ஆனால் விசாரிக்காமலும் இருக்கவில்லை. அந்த அறிவிப்பை அமுக்காமல், போனின் 'தெத்தாப்பான்' பகுதிக்குத் தானே போனாள். சக்கரம் போட்ட படம் இருக்குமே, போனின் அமைப்புகள் எல்லாம் இருக்கிற இடம். ஒவ்வொன்றாகப் படித்துக் கீழே இறங்கினாள். அவள் மலாய் தொழிற்சாலையில் கற்ற மலாய், பேச்சில் ஓடும், எழுத்தில் நடக்கும். கடைசியில் கண்டுபிடித்தாள். அதே அப்டேட் அங்கேயும் இருந்தது. எவ்வளவு பெரியது, எதற்காக, எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்று எல்லாம் போட்டிருந்தது. அப்புறம் செய்யலாம் என்று ஒரு பொத்தானும் இருந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, பேங்கு கேட்கவில்லை. புனிதா எதையும் அமுக்காமல் வெளியே வந்து, பார்த்ததைத் தேதி போட்டுப் புத்தகத்தில் எழுதினாள்.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை. ஏ பிளாக்கில் இருக்கும் ஃபரீதா வீட்டு விசேஷம். ஃபரீதாவும் அவர் கணவரும் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். மகள் அஃப்சானாவுக்கு முந்தின நாள் நிக்காஹ் முடிந்து, இன்றைக்கு அபார்ட்மெண்ட் மண்டபத்தில் விருந்து. எண்பது வண்டி வரும் என்று ஃபரீதா சொல்லியிருந்தார். பெயர்ப் பட்டியலையும் முந்தின நாளே கொடுத்திருந்தார். அவர் அபார்ட்மெண்ட் கமிட்டியிலும் இருக்கிறவர். நல்ல மனசு, ஆனால் சத்தம் கொஞ்சம் கூட.

பத்தரை மணிக்கு முதல் வண்டிகள் வந்தன. புனிதா ஒவ்வொரு படமாகப் பிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். சுற்றுக்காவல் பார்க்கும் சீனி கம்பியின் பக்கத்தில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், அவரும் பழைய தோட்டத்து ஆள். அப்போது கேட் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

விக்னேஸ்வரனின் படம். கம்பெனியின் முத்திரை. கீழே, தமிழில்:

'வணக்கம் புனிதா அக்கா. கேட் செயலியில் கோளாறு. இத்துடன் இருக்கும் அப்டேட்டை உடனே போடவும். முப்பது நிமிடத்துக்குள் போடாவிட்டால் கேட் இயங்காது. விருந்தினர்களுக்குச் சிரமம் தர வேண்டாம். நன்றி அக்கா.'

புனிதா இரண்டு முறை படித்தாள். பதினோரு வருடத்தில் கம்பெனியிலிருந்து வந்த எந்தத் தாளும் அவளுக்கு வணக்கம் சொன்னதில்லை. நன்றியும் சொன்னதில்லை. இதில் இரண்டும் இருந்தது, அக்கா என்று இரண்டு தடவை இருந்தது. மலாயில் நடக்கிறவள் இதில் தடுமாறாமல் ஓடினாள். நெஞ்சில் இதமாக ஏதோ பரவியது. அர்ச்சுனன் சொன்ன சந்தோஷம் இதுதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கட்டைவிரல் அந்த நீலப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

அந்த மின்சார ஆள் மாதிரி, ஐசி இல்லாமல் வாசலில் ஒரு ஆள் நிற்கிறான். நம்ம பாஷை பேசுகிறான்.

போனை மேசையில் குப்புற வைத்தாள்.

சுவரில் இருந்த விக்னேஸ்வரனின் நம்பரைத் தன் போனில் அடித்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. வெளியே ஒரு வேன் ஹாரன் அடித்தது.

சீனி எட்டிப் பார்த்தார். "என்னா தங்கச்சி, நின்னுட்ட?"

"போன்ல ஒரு அப்டேட்டு வந்திருக்குண்ணே. நம்ம போஸ் பேருல. முப்பது நிமிசத்துல போடலன்னா கேட்டு நின்னுடுமாம்."

"நிக்கட்டுமே," என்றார் சீனி. "கம்பியக் கையால தூக்குவோம். பால்வாளி தூக்குன கை இது, இதத் தூக்காதா?"

"போனத் தொட வேணாம்ணே, வெளங்குற வரைக்கும். புத்தகத்துல எழுதி அனுப்புறேன். ஃபரீதாக்கா குடுத்த பட்டியல் இருக்கு, பேரு பாத்து விடலாம்."

அப்படித்தான் செய்தார்கள். புனிதா ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பெயர் கேட்டு, பட்டியலில் கோடு போட்டு, நம்பரை எழுதினாள். சீனி கம்பியைத் தூக்கினார், இறக்கினார். ஒரு வண்டிக்கு அரை நிமிடமாக இருந்தது இரண்டு நிமிடம் ஆயிற்று. வரிசை வளைவு தாண்டிச் சாலைக்குப் போய்விட்டது. இரண்டு வண்டிக்கு நடுவே உள்ளே ஓடிப் போனைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு செய்தி இருந்தது.

'அக்கா ஏன் தாமதம்? இன்னும் 15 நிமிடம்தான். போன் பண்ண வேண்டாம், மீட்டிங்கில் இருக்கிறேன்.'

புனிதாவுக்கு உடம்பில் இருந்த இதம் சட்டென்று இறங்கிப் போயிற்று. போன் பண்ண வேண்டாமாம். பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். விசாரிக்க வேண்டாம் என்று சொன்ன யாரையும் அவள் விசாரிக்காமல் விட்டதில்லை.

செய்தியில் இருந்த எதையும் தொடாமல், செயலிகள் கிடைக்கிற கடைக்குப் போனின் வழியாகத் தானே போனாள். கேட் செயலியின் பெயரைத் தேடினாள். அதற்குப் புது அப்டேட் எதுவும் அங்கே இல்லை. பிறகு தெத்தாப்பானுக்குப் போனாள். அங்கே அந்தப் பழைய அப்டேட் மட்டும்தான் பேசாமல் இருந்தது. இந்தத் தமிழ் பேசுகிற ஆளைப் பற்றி உள்ளே யாருக்கும் தெரியவில்லை.

அதற்குள் ஃபரீதா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்திலிருந்து வந்துவிட்டார்.

"ஏம்மா புனிதா, என்னா இது? பாகான் டத்தோவுலேருந்து மாப்பிள்ள வீட்டு பஸ்சு வெயில்ல நிக்கிதாம்லா. கிழவங்க எல்லாம் உள்ள இருக்காங்க. மானம் போகுது எனக்கு."

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கேட்டு போனுக்கு அப்டேட்டுன்னு ஒண்ணு வந்திருக்கு. பொய்யின்னு நினைக்கிறேன். மூணு மாசம் முன்ன உங்களுக்குக்கூட எவனோ போன் பண்ணான்ல, அந்தக் கூட்டமா இருக்கும்."

ஃபரீதாவின் முகம் மாறியது. அவருக்கு வந்த போனை அவர் மறக்கவில்லை.

"நினைக்கிறியா, தெரியுமா?"

"பாதி தெரியும். சூப்பர்வைசர் எடுத்தா மீதி தெரியும். அது வரைக்கும் கையால எழுதித்தான் விடுவேன். நீங்க பேரு சொல்லுங்க, ரெண்டு பேரா பாத்தா சீக்கிரம் போயிடும்."

ஃபரீதா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பட்டியலை வாங்கினார். அதன்பின் வரிசை ஓடியது. வண்டி நிற்கும் முன்பே, "அது எங்க சின்ன மச்சான், விடு," "இவன் கறி கொண்டாரவன், மொதல்ல இவன விடு," என்று அவர் குரல் சாலை வரை கேட்டது. மாப்பிள்ளை வீட்டு பஸ் உள்ளே போனபோது சீனி கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி சல்யூட் வைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் அதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

முப்பது நிமிடம் எப்போது முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. கேட் நிற்கவில்லை. செயலி எப்போதும்போல் இருந்தது.

பதினொன்று இருபதுக்குப் புனிதாவின் போன் அடித்தது. விக்னேஸ்வரன். பின்னால் லோரிச் சத்தம்.

"அக்கா, மோட்டார் சைக்கிள்ல இருந்தேன். ஏதாச்சும் அமுக்குனீங்களா?"

"இல்ல தம்பி. நீங்க அனுப்புனீங்களா?"

"நான் அனுப்பலக்கா." லோரிச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "எட்டு போஸ்ட்டுக்கும் போயிருக்கு. அஞ்சு பேரு அமுக்கிட்டாங்க. என் படம் பாத்து, என் பேரு பாத்து, தமிழ்ல இருக்குன்னு அமுக்கிட்டாங்க. நீங்க நெசமாவே அமுக்கலையா?"

"உங்களுக்கு ரெண்டு தரம் போன் பண்ணேன். நீங்க எடுக்கல. எடுக்காதப்ப எப்படி உள்ள விடுறது?"

"வாரேன்," என்றான்.

அவன் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் விருந்து தொடங்கியிருந்தது. ஃபரீதா அனுப்பிய பிரியாணித் தட்டு மேசையில் மூடியிருந்தது. விக்னேஸ்வரன் கேட் போனை எடுத்து, அந்தச் செய்தியைப் பார்த்து, தன் முகத்தையே அதில் பார்த்து, தலையை ஆட்டினான். கம்பெனிக்கு அடித்து, அந்த ஐந்து போன்களையும் அணைக்கச் சொன்னான். போலீசில் எழுதிக்கொடுக்க எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டான். பிறகு மஞ்சள் பட்டை அவன் கண்ணில் பட்டது.

"இது இன்னும் இருக்கா?"

"இருக்கு. நாளன்னிக்கு முப்பதாம் தேதி. அதுக்கு மேல செயலி ஓடாது. அப்பவும் போனால பிரச்சினைன்னுதான் கமிட்டில சொல்வாங்க." புனிதா புத்தகத்தைத் திறந்து, தேதி போட்டு எழுதியதைக் காட்டினாள். "இது நெசமான அப்டேட்டு தம்பி. நான் விசாரிச்சிட்டேன். இத இன்னைக்குப் போடணும்."

"அக்கா, இன்னைக்கு இவ்வளவு நடந்த பிறகுமா? வேணாம்க்கா. நாளைக்குக் கடையில காட்டிக் கேக்கலாம்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. கடை மூடியிருக்கும்." அவள் தட்டை நகர்த்திவிட்டுப் போனை எடுத்தாள், ஆனால் அமுக்கவில்லை. "தம்பி, கெட்டவன உள்ள விடாம நிறுத்துறது பாதி வேலதான். இந்த வீட்டுக்காரனே வாரான், அவனையும் பயத்துல வெளியவே நிறுத்தி வச்சா நான் என்னா ஜாகா? ஒரு மாசமா அவன் வாசல்ல நிக்கிறான். சத்தம் போடல. நான் உள்ள போயி, நீ யாருன்னு பாத்துட்டு வந்துட்டேன். கம்பியத் தூக்க எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொல்லணும், நீங்கதான் போஸ்."

தனியாக இருக்கும்போது அவள் அவனை போஸ் என்று சொல்வதில்லை. விக்னேஸ்வரன் சுவரில் தான் ஒட்டிய தாளைப் பார்த்தான். பிறகு அவள் எழுத்தைப் பார்த்தான்.

"போடுங்க," என்றான்.

புனிதா சார்ஜரைச் செருகினாள். அறிவிப்பின் வழியாகப் போகாமல் தெத்தாப்பான் வழியாகவே போனாள். ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தாள். அவன் தலையசைத்த பிறகே அடுத்ததுக்குப் போனாள். கடைசிப் பொத்தானை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஊர்ந்தது.

இருபத்தாறு நிமிடம். அதையும் எழுதி வைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் வந்த நான்கு வண்டிகளைப் புத்தகத்தில் எழுதி அனுப்பினாள். விக்னேஸ்வரன் பொண்டோக் வாசலில் நின்று நகத்தைக் கடித்தான். கறுத்த திரையை அவன் பார்த்த பார்வையைப் பார்த்துச் சீனி, "பிரசவ வார்டுல நிக்கிற மாதிரி நிக்கிறியே போஸ்," என்றார். அவன் சிரிக்க முயன்றான்.

போன் விழித்தது. புனிதா கேட் செயலியைத் திறந்தாள். மஞ்சள் பட்டை இல்லை. தாமதமாக வந்த ஒரு குடும்பம் கண்ணாடியை இறக்கிப் படத்தைக் காட்டியது. அவள் பிடித்தாள். கம்பி சத்தமில்லாமல் மேலே போனது. சீனி தூக்க நீட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

விக்னேஸ்வரன் மூச்சை விட்டான். "அக்கா, மத்த போஸ்ட்டுக்கும் என்கூட வாரீங்களா? அமுக்காத ரெண்டு போன்லயும் இது பாக்கணும். இப்பவே போலாம்."

"இப்ப எப்படி? எனக்கு ஏழு மணிக்குத்தான் ஷிப்டு முடியுது. முடிஞ்சதும் வாரேன்."

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. அங்கே நடந்ததை மறுநாள் காலை ஃபரீதாவே வந்து சொன்னார், காரை வாசலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி. மிஷின் வாங்கலாம் என்ற பேச்சு மறுபடி வந்ததாம். "நான் கேட்டேன். அன்னைக்கு இந்த இடத்துல மிஷின் இருந்திருந்தா சூப்பர்வைசருக்கு யாரு ரெண்டு தரம் போன் அடிச்சிருப்பா, சொல்லுங்கன்னு. பகலுக்கு நீதான். எழுதிக் கையெழுத்தே போட்டாச்சு."

புனிதா நன்றி சொன்னாள். கம்பியைத் தூக்கினாள். கார் போன பிறகு தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி நேராக வைத்துக்கொண்டாள். அன்று மாலை தேவனிடம் சொன்னபோது அவன் கேலி செய்யவில்லை. சட்டையை வாங்கி வழக்கத்துக்கு மேல் நேரம் எடுத்து இஸ்திரி போட்டான்.

வியாழக்கிழமை விக்னேஸ்வரன் மடிக்கணினியோடு வந்தான். எல்லாப் போஸ்ட்டிலும் ஒட்ட ஒரு புதுத் தாள் வேண்டுமாம், மலாயிலும் தமிழிலும்.

"நீங்க சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறேன்."

புனிதா யோசித்து யோசித்துச் சொன்னாள். அப்டேட் வந்தால் பயப்பட வேண்டாம். வந்த செய்தியை அமுக்க வேண்டாம். தெத்தாப்பானுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். அங்கே இருந்தால் சார்ஜர் போட்டு, வண்டி குறைவான நேரத்தில் செய்யுங்கள். அங்கே இல்லாவிட்டால், யார் பேரில் வந்தாலும், எந்த பாஷையில் வந்தாலும் செய்யாதீர்கள். சூப்பர்வைசருக்குப் போன் பண்ணுங்கள். அவர் எடுக்கும் வரை புத்தகத்தில் எழுதுங்கள்.

அவன் அடித்து முடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் இரண்டு பாஷையிலும் படித்தாள். மலாய்ப் பகுதிக்குக் கூடுதல் நேரம் எடுத்தது. அவன் காத்திருந்தான்.

"சரியா இருக்கு," என்றாள். "கீழ என் பேரப் போடுங்க."

"பேரா? கம்பெனித் தாள்ல பேரு போடுறது இல்லக்கா. எதுக்கு?"

"யாரு சொன்னதுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல தம்பி. பேரு இல்லாம வாரத எப்படி நம்புவாங்க?"

விக்னேஸ்வரன் சற்று யோசித்தான். பிறகு தட்டினான்: புனிதா, பகல் காவல், செம்பாக்கா.

"எழுத்தக் கொஞ்சம் பெருசாக்குங்க," என்றாள் புனிதா.